ஸ்கைப்பை டீபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியில்) மாட்டியவர்கள் இருக்கிறீர்களா?

நான் முயன்றது 2006 கடைசியில். அழைப்பே இல்லாத நேரத்தில் ஸ்கைப் யாரோடு பேசுகிறது என்று பார்க்க, வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், அது அனுப்பும் யூடிபி பாக்கெட்டில் (தரவுத் துண்டில்) முதல் மூன்று பைட்டைத் தாண்டி ஒன்றும் படிக்க முடியவில்லை. சரி, நிரலையே பிரிப்போம் என்று டீபக்கரில் மாட்டி ஒரு பிரேக்பாயிண்ட், அதாவது நிரல் வந்து நிற்க வேண்டிய இடம், வைத்தேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, நான் கை வைத்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத எங்கோ போய் விழுந்தது. இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. ஒரு வாரம் அதே வேலை.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிலிப் பியோந்தியும் ஃபாப்ரிஸ் டெக்ளோவும் அந்த வருடம் மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டிய ஸ்லைடுகள் அப்புறம்தான் கைக்குக் கிடைத்தன. பிரேக்பாயிண்ட் வைத்தால் டீபக்கர் அந்த இடத்து பைட்டை எடுத்துவிட்டு சிசி என்ற பைட்டைப் போடும் இல்லையா, ஸ்கைப்புக்குள் தன் கோடையே கூட்டிப் பார்க்கும் செக்சம்கள் நிறைய ஒளிந்திருந்தன, அந்தக் கூட்டுத்தொகையை வைத்தே அடுத்து எங்கே தாவுவது என்று சில இடங்களில் ஸ்கைப் கணக்கிட்டது. ஒரு பைட் மாறினால் போதும், வழி தப்பிவிடும். அதற்கு பியோந்தியும் டெக்ளோவும் கண்ட வழியைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன்: இரண்டு ஸ்கைப்பை ஒன்றாக ஓட்டி, கை வைக்காத ஒன்றிலிருந்து சரியான செக்சத்தை எடுத்து மற்றதற்கு ஊட்டினார்கள். அத்தனை அழகான வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

— — —

என்னால் உள்ளே போக முடியவில்லை, வெளியிலிருந்துதான் பார்த்தேன். ஹாஸ்டலில் எனக்கு பப்ளிக் ஐபி, வெளியிலிருந்து யாரும் நேராக இணையக்கூடிய முகவரி. சும்மா கிடக்கும் ஸ்கைப்புக்கு முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து இணைப்புகள் வந்துகொண்டே இருக்கும், எண்ணி எண்ணிக் கை ஓய்ந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாசெட், ஷுல்ஸ்ரின்னே 2004-இல் எழுதிய ஆய்வைப் படித்தபோதுதான் விளங்கியது, பப்ளிக் ஐபியும் நல்ல வேகமும் உள்ள கணினி சூப்பர்நோட் ஆகிவிடலாம், மற்றவர்கள் அதன் வழியாக வலைக்குள் வருவார்கள். வடிவமைப்பே அப்படி, கசா என்ற கோப்புப் பகிர்வு நிரலை எழுதியவர்கள் செய்தது அல்லவா. பாசெட்டும் ஷுல்ஸ்ரின்னேயும் நிரலைத் திறக்கவே இல்லை, பாக்கெட் போக்குவரத்தை மட்டும் வைத்து இவ்வளவும் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம், என் கணினி என்ன செய்கிறது என்பதை எனக்குச் சொன்னது அந்த ஆய்வுதான். 2012-இல் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோட்களைத் தன் லினக்ஸ் சர்வர்களுக்கு மாற்றியது.