சப்வூபரில் ஓயாத இரைச்சல், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது காது கொஞ்சம் மந்தம். பழைய பாட்டுகளில் தபேலாவே கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறார். அவருக்காகத்தான் 250 வெள்ளிக்கு ஒரு பழைய சப்வூபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கினேன். உள்ளேயே ஆம்ப்ளிபயர் உள்ள வகை, மூன்று முள் பிளக்.

எங்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரில் சப்வூபருக்கென்று தனி அவுட் கிடையாது. அதனால் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கருக்கான 'பி' முனைகளிலிருந்து ஒயர் இழுத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று சப்வூபரின் ஸ்பீக்கர் இன்புட்டில் கொடுத்தேன். கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூபர் எடுக்கும் என்ற அமைப்பு) 80 ஹெர்ட்ஸ். பேஸ் அருமை, அப்பா முகமே மலர்ந்துவிட்டது.

ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக இரைச்சல். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் நிற்பதில்லை. டிவியிலிருந்து வரும் ஆடியோ கேபிளைப் பிடுங்கினால் சட்டென்று அடங்குகிறது. வெளியே உள்ள டிஷ் கேபிள் வழியாக எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாக இணைந்து இரைச்சல் தருவது) ஆகிறது என்று நினைக்கிறேன். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொன்னார் ஒருவர். மின்கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து, அதைச் செய்யமாட்டேன்.

டிஷ் கேபிளில்தான் எல்என்பிக்கு (டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் கருவி) மின்சாரம் போகிறது, அங்கே சாதாரண ஐசோலேட்டர் (எர்த் இணைப்பைப் பிரிக்கும் சின்னக் கருவி) போட்டால் படமே வராது. சரி, ஆடியோ கேபிளில் போடலாமா? மலிவானது பேஸைத் தின்றுவிடும் என்கிறார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் எது நல்லது, ஈப்போவில் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். பொங்கலுக்குள் சரிசெய்துவிட வேண்டும்.