சானா போர்வை வாங்க ஆசை: தம்பியை அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் சொல்லலாமா?

தேயிலைக்காரி:
வணக்கம். நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். மார்கழி, தையில் காலையில் எழுந்தால் முதுகும் முட்டியும் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. போன வருடம் கோவையில் ஒரு விடுதியில் சானா அறைக்குள் (வியர்க்க வைக்கும் சூடான மர அறை) கால் மணி நேரம் உட்கார்ந்தேன். உடம்பு லேசானது இன்னும் நினைவில் நிற்கிறது. வீட்டில் மர அறை கட்ட இடமும் இல்லை, காசும் இல்லை. அதனால்தான் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் இன்ஃப்ராரெட் சானா போர்வை வாங்கலாமா என்று யோசனை.

தம்பி நியூ ஜெர்சியிலிருந்து அடுத்த மாதம் வருகிறான். "அக்கா, இங்கே நல்லதாகப் பார்த்து வாங்கி வரட்டுமா?" என்கிறான். "ஃபார் இன்ஃப்ராரெட்" என்று எழுதியிருந்தால் விலை ஒரேயடியாக ஏறுகிறது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? இன்னொன்று, என் மாமியாருக்கும் (68 வயது, சர்க்கரை உண்டு) இதில் ஆசை வந்துவிட்டது. கழிவெல்லாம் வியர்வையில் போய்விடும், எடை குறையும் என்று ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார்.

ஃபேஸும் நியூட்ரலும்:
முதலில் தம்பியை நிறுத்துங்கள் மேடம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. லேப்டாப் சார்ஜர் இரண்டையும் தாங்கும், சூடேற்றும் கம்பி தாங்காது. 120 வோல்ட்டில் 500 வாட் எடுக்கும் போர்வையை நம் ஊரில் நேரடியாகச் சொருகினால் 1,800 வாட்டைத் தாண்டும். வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு ஏறினால் வாட் நான்கு மடங்கு ஏறும், அதுதான் கணக்கு. ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகவில்லை என்றால் நீங்கள் உள்ளே படுத்திருப்பீர்கள்.

கடையில் விற்கும் சின்ன பிளக் அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. வோல்ட்டேஜைக் குறைக்கத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இந்த வாட்டுக்கு அது நல்ல கனம் இருக்கும், விலையும் உண்டு. கன்ட்ரோலரின் பின்பக்க லேபிளைத் தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220-240 வோல்ட் என்று இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

கோத்தகிரி வேதுக்காரன்:
நான் மூன்று குளிர்காலமாக வைத்திருக்கிறேன். இது எனக்கு இரண்டாவது போர்வை. முதலாவதைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

விலை மலிவு என்று வாங்கினேன். கால் பக்கம் தோசைக்கல், இடுப்பில் ஒன்றுமே இல்லை. முழுப் போர்வைக்கும் ஒரே ஒரு சென்சார். அது இருந்த இடம் சீக்கிரம் சூடேறாததால் மற்ற இடமெல்லாம் ஏறிக்கொண்டே போனது. வாங்கியதும் 50 டிகிரி வைத்து, ஆள் இல்லாமல் மூடி, இருபது நிமிடம் கழித்து உள்ளே கை விட்டுத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தடவிப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளியில் சூடு மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு மண்டலமாகத் தனித்தனியே வைக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

ஃபார் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை வெப்பக் கதிர்) பற்றி: 60, 70 டிகிரியில் இருக்கும் எந்தப் பொருளும் பெரும்பாலும் அந்த வகைக் கதிரைத்தான் வீசும். இஸ்திரிப் பெட்டியும் வீசும், உங்கள் மாமியாரும் வீசுகிறார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதோடு இங்கே முக்கால்வாசிச் சூடு துணி வழியாகத் தொட்டுத்தான் ஏறுகிறது. அதனால் முழுக்கைப் பருத்திச் சட்டை, பேண்ட், சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆரம்பத்தில் 45 டிகிரி, இருபது நிமிடம் போதும்.

ஜிப்பை விட வெல்க்ரோ மேல். அவசரத்தில் உதறிக்கொண்டு எழலாம். பிளாஸ்டிக் நாற்றம் அடங்கும் வரை இரண்டு மூன்று தடவை ஜன்னலைத் திறந்துவைத்துச் சும்மா ஓட விடுங்கள்.

அடையார் வெயில்:
குன்னூர் அக்காவுக்குப் புரிகிறது. நாங்கள் மே மாதம் கரண்ட் போனால் இதையே இலவசமாக அனுபவிக்கிறோம்.

பிசியோ மேசை:
மாமியாருக்கு வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சுடுகிறது என்பதே தெரியாமல் வெந்துபோகும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால்தான் கொப்புளம் தெரியவரும். வெந்நீர்ப் பையிலேயே இப்படிப் பார்த்திருக்கிறேன். 44 டிகிரி கூடத் தோலில் மணிக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தால் புண்ணாக்கும், சூடு ஏற ஏற அதற்கு நிமிடங்களே போதும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் படுக்கக் கூடாது.

எடை குறைவது தண்ணீர். குடித்ததும் திரும்பிவிடும், குடிக்கத்தான் வேண்டும். கழிவைப் பிரிக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். இதயத்துக்கு நல்லது என்று விளம்பரத்தில் காட்டுவது 2015-இல் வெளியான பின்லாந்து ஆய்வாக இருக்கும். அது அங்கே மர அறை சானாவுக்குப் போகும் ஆண்களைப் பற்றியது, போர்வையைப் பற்றியது இல்லை.

உங்கள் முதுகுப் பிடிப்பு சூட்டில் தளரும், அது உண்மை. தளர்ந்ததும் பத்து நிமிடம் உடம்பை நீட்டி மடக்குங்கள். அப்படியே தூங்கிவிடாதீர்கள்.

தேயிலைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தம்பி படம் அனுப்பினான்: "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 450 வாட்". சாக்லேட் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். மாமியார், "அப்போ எனக்கு நொச்சி இலையே போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கேயே 230 வோல்ட்டில், இரண்டு மண்டலம், வெல்க்ரோ வைத்தது ஒன்று பார்த்திருக்கிறேன். ஃபோம் மெத்தை மேல் விரிக்கலாமா?

கோத்தகிரி வேதுக்காரன்:
கூடாது. ஃபோம் அடியில் சூட்டைப் பிடித்துவைக்கும். தரையில் பாய், அதன் மேல் கனமான ஜமுக்காளம், அதன் மேல் போர்வை. முடிந்ததும் ஈரத்துணியால் உள்பக்கம் துடைத்து, திறந்தே காயவிடுங்கள். நம் மலையில் ஈரத்தோடு சுருட்டினால் நான்கு நாளில் பூஞ்சை. மடிக்க வேண்டாம், பாய் மாதிரி சுருட்டுங்கள். மடிப்பு விழும் இடத்தில்தான் கம்பி அறும்.

ஃபேஸும் நியூட்ரலும்:
நீங்கள் பார்த்ததும் 450 வாட் அளவில்தான் என்றால் சாதாரண 6 ஆம்ப் பிளக் போதும். 40 நிமிடத்துக்கு 0.3 யூனிட், பில் பற்றிக் கவலை இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வியர்வையோடு படுக்கிறீர்கள், அதனால் வீட்டில் 30 மில்லி ஆம்ப் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். மெயின் போர்டில் "டி" என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் சுவிட்ச் சட்டென்று விழ வேண்டும்.

தேயிலைக்காரி:
இப்போதுதான் அழுத்தினேன். விழவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ஃபேஸும் நியூட்ரலும்:
கரண்ட் இருக்கும்போதுதானே அழுத்தினீர்கள்? அப்படியென்றால் அது செத்துப்போயிற்று. எலக்ட்ரீஷியனை நாளைக்கே கூப்பிட்டு மாற்றுங்கள், எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்வை அப்புறம். அதுவரை கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.