சினைப்பன்றிக்கு வைட்டமின் ஈ, செலினியம் கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்களிடம் 12 தாய் வெண்பன்றிகள் இருக்கின்றன, பாதித் தீவனம் ஓட்டல் மிச்சம்தான். போன ஈற்றில், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த மூன்று குட்டிகள் இரும்பு ஊசி போட்ட மறுநாளே செத்துப்போயின, மனசே ஆறவில்லை. வைட்டமின் ஈ குறைவாக இருக்கலாம் என்கிறார்கள். குட்டிக்குக் கொடுப்பதா, தாய்க்கா?

பதில் 1:
தாய்க்குத்தான். வைட்டமின் ஈ நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சமே போகும், பெரும்பங்கு சீம்பாலில்தான் கிடைக்கும், அதனால் 114 நாள் சினையில் கடைசி மாதத்தைக் கோட்டை விடாதீர்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2012 கணக்குப்படி கிலோ தீவனத்துக்கு வைட்டமின் ஈ 44 யூனிட், செலினியம் 0.15 மில்லிகிராம். இவை குறைந்த குட்டிக்கு இரும்பே நஞ்சாகலாம். அதற்காக ஊசியை நிறுத்தாதீர்கள், ரத்தசோகை வந்துவிடும்.

பதில் 2:
ஓட்டல் மிச்சம் என்றீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் காறல் வாடை அடிக்கும் எண்ணெய் தீவனத்தில் உள்ள வைட்டமின் ஈயை அழித்துவிடும், நீங்கள் எவ்வளவு கலந்தாலும் பாதி வீண். அப்புறம், மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்தே போடுங்கள், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம் இருக்கிறது.

பதில் 3:
செலினியத்தைத் தனியாக வாங்கிக் கையளவாகப் போட்டுவிடாதீர்கள்! தாது உப்புக் கலவையில் ஏற்கெனவே இருக்கும், முதலில் பையைப் படியுங்கள். அளவு மீறினால் முடி கொட்டும், குளம்பு பிளக்கும். இனி குட்டி செத்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வு செய்யச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சரி, எண்ணெயை இன்றே நிறுத்துகிறேன். அடுத்த ஈற்றுக்கு 40 நாள் இருக்கிறது.