விமானத்துக் கதவு ஜன்னல் மாத்தின அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க, அந்த "டிக்" சத்தம் என்னை விடவே மாட்டேங்குது

வால்காத்து:
பழைய ரெண்டு சீட்டர், வலது கதவு ஜன்னல் மங்கிப் போயிருந்துச்சு, வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனோட சேத்து மாத்தச் சொல்லிட்டேன். புதுசு போட்டதும் பளிச்சுனு இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் வெயில்ல காஞ்சு நின்ன விமானத்தை எடுத்துட்டு 8,000 அடிக்கு ஏறுறேன், காத்து சுத்தமா அமைதி, பறவை கிறவை எதுவும் இல்ல, திடீர்னு காதுக்குப் பக்கத்துல "டிக்". திரும்பினா கீழ் மூலைத் திருகு ஓட்டையில இருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் நீளுது!! வேகத்தைக் குறைச்சு மெதுவா இறங்கி வந்துட்டேன். கழட்டிப் பாத்தா எல்லாத் திருகையும் இறுக்கோ இறுக்குனு இறுக்கி வச்சிருக்காங்க. உங்களுக்கு யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ரிவெட்டு:
இறுக்கினதை மட்டும் குத்தம் சொல்லாதீங்க நண்பா, ஓட்டை என்ன அளவுன்னு பாத்தீங்களா? ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக், அது சூட்டுக்கு விரியறது அலுமினியத்தை விட சுமார் 3 மடங்கு. 60 செ.மீ. ஜன்னலுக்கு 30 டிகிரி வித்தியாசம் வந்தா பிரேமுக்கும் அதுக்கும் நடுவுல முக்கால் மில்லிமீட்டருக்கு மேல இழுபறி. ஓட்டை திருகு சைஸுக்கே இருந்தா அது எங்க போகும், கிழிச்சுட்டுத்தான் போகும். ஓட்டையைப் பெருசாப் போடணும், ஓரத்துலயும் இடைவெளி விடணும், திருகை லேசா முட்டுற வரைக்கும் கொண்டுபோய் கொஞ்சம் திரும்பத் தளர்த்திடணும். அதோட டிரில் பிட். உலோகத்துக்குப் போடற 118 டிகிரி பிட்டை இதுல வைக்கவே கூடாது, பிளாஸ்டிக்குக்குன்னு கூர்மையா 60 டிகிரியில வரும், அதுதான். அடியில மரக்கட்டை கொடுத்து மெதுவா இறக்கணும். ஹேங்கர்ல ஒருத்தர் சாதா பிட்டால போட்டப்ப நான்தான் ஷீட்டைப் பிடிச்சிருந்தேன், மறுபக்கம் வெளிவரும்போது பிட் கவ்வி இழுத்துச்சு பாருங்க, அரைவட்டமா ஒரு சில்லு தெறிச்சு என் கைக்கிட்ட விழுந்துச்சு. அந்த ஷீட் அதோட போச்சு. அறுத்த ஓரத்தையும் நைஸ் பேப்பர் போட்டு வழவழன்னு ஆக்கணும், ஓரத்துல ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

மாலைவெயில்:
எனக்கு விரிசல் இல்ல, வேற கதை. புது ஜன்னலை யாரோ நல்ல மனசுல வீட்டுக் கண்ணாடி துடைக்கிற அமோனியா ஸ்ப்ரே போட்டே துடைச்சிட்டு வந்திருக்காங்க, எனக்குத் தெரியாது. சாயங்காலம் லேண்டிங்குக்கு இடது பக்கம் திரும்பறேன், வெயில் நேரா ஜன்னல்ல பட்டுச்சு, அவ்ளோதான், முழுக்க சிலந்தி வலை கட்டின மாதிரி ஆயிரக்கணக்குல மெல்லிசு கோடு மின்னுது. ரன்வே எங்கன்னே தெரியல. அந்தப் பக்கம் இன்னொரு விமானம் வந்திருந்தா பாத்திருக்கவே முடியாது. சுத்தி மறுபடி வந்துதான் இறக்கினேன். அமோனியா, அசிட்டோன், பெட்ரோல் எதுவும் வேணாம், தண்ணி, மைல்டு சோப்பு, மெத்துனு சுத்தமான துணி போதும்.

ரிவெட்டு:
துடைக்கிறதுக்கு முன்னாடி நிறையத் தண்ணி ஊத்தித் தூசியைக் கழுவிடணும், இல்லன்னா அந்தத் துணியே கீறிடும்.

மழைத்தண்ணி:
ரிவெட்டு சார், இவ்ளோ சொன்னீங்க, சீல் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. வினிகர் வாசம் அடிக்கிற சிலிகானைச் சுத்திலும் அப்பி வச்சுக் குடுத்தாங்க எங்களுக்கு. அது காயும்போது அசிட்டிக் ஆசிட் வெளிய வரும், அலுமினியத்தை அரிக்கும். நாள் கழிச்சு டிரிம்மைக் கழட்டினப்ப பிரேம் ஓரம் வெள்ளை வெள்ளையாப் பொடி, நகத்தால சுரண்டினா உதிருது. ஜன்னலை விட பிரேம்தான் பெரிய செலவு வச்சிடுச்சு. உங்க மாடல் மேனுவல்ல என்ன டேப், என்ன சீலன்ட் சொல்லிருக்கோ அதை மட்டும் போடுங்க, முடிச்சதும் ஒருத்தர் உள்ள உக்காந்து இன்னொருத்தர் வெளிய ஹோஸ்ல தண்ணி அடிச்சுப் பாத்துடுங்க.

வால்காத்து:
நன்றி எல்லாருக்கும். ரிவெட்டு அண்ணே, இப்பதான் அளந்தேன், ஓட்டை திருகு சைஸ்தான். இதை நானே மாத்தலாமா?

ரிவெட்டு:
விமானம் எந்த நாட்டுல பதிவோ அந்த நாட்டு விதிதான். அமெரிக்கப் பதிவுன்னா எஃப்ஏஏ (அந்த நாட்டு விமானத்துறை அமைப்பு) விதி பார்ட் 43, அப்பெண்டிக்ஸ் ஏ பாருங்க, ஸ்ட்ரக்சரையும் கன்ட்ரோல், எலக்ட்ரிகல் மாதிரி சிஸ்டத்தையும் தொடாத வரைக்கும் பக்க ஜன்னல் மாத்தறது தடுப்புப் பராமரிப்புல வரும், பைலட் லைசென்ஸ் இருக்க ஓனரே செய்யலாம். லாக் புக்ல என்ன செஞ்சோம், தேதி, கையெழுத்து, சர்டிஃபிகேட் நம்பர், லைசென்ஸ் வகை எல்லாம் எழுதணும். வாங்கற ஜன்னல் அந்த மாடலுக்கு அங்கீகாரம் உள்ளதா இருக்கணும், கடையில கிடைக்கிற ஷீட்டை வெட்டிப் போட்டுடாதீங்க.

தாழ்ப்பாள்:
எல்லாரும் கண்ணாடியவே பேசறீங்க, லாட்ச்சை யாரும் பாக்கலையா? எங்க செஸ்னா 172எஸ்ல ஜன்னல் மாத்தி முதல் டேக்ஆஃப், சக்கரம் தரையை விட்ட நொடியில படார்னு திறந்து மேல போய் இறக்கை அடியில ஒட்டிக்கிச்சு. சத்தம்னா சத்தம், ரேடியோவே கேக்கல, பக்கத்துல இருந்த தம்பி கையை வெளிய நீட்டி இழுக்கப் போறான். விடுடான்னு கத்திட்டு மூக்கையும் வேகத்தையும் மட்டும் பாத்து ஏறுனேன். கையேட்டுல ஜன்னல் திறந்து பறக்கற வரம்பு 163 நாட், விஎன்இ-யும், அதான் எப்பவுமே தாண்டக் கூடாத வேகம், அதே 163தான், அதனால விமானத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஒரு சுத்து சுத்தி இறங்கிப் பாத்தா லாட்ச் நுனி ஓரத்துல பாதிதான் மாட்டுது. வால்காத்து, நீங்க மாத்தினதும் உள்ள இருந்து நல்லாத் தள்ளிப் பாத்துட்டுக் கிளம்புங்க.