மகள் எம்.ஏ. பன்னாட்டு உறவுகள் சேரணும்கிறா, சேர்க்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மகள் மதுரையில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். அடுத்து எம்.ஏ. பன்னாட்டு உறவுகள்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், பி.எட். முடித்தால் டீச்சர் வேலை நிச்சயம் என்கிறார்கள். நான் லேத் பட்டறை வைத்திருப்பவன், இந்தப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முடித்த பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?

கருப்பு மை:
சார், நான் இதே எம்.ஏ. படித்தவன். சேர்க்காதீர்கள். இதில் சேருகிற பலருக்கு மனசில் ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி, கனவு இருக்கும். அதற்கான சிவில் சர்வீஸ் தேர்வை எந்தப் பட்டம் வாங்கியவரும் எழுதலாம், மெக்கானிக்கல் முடித்தவர்கூட. மெயின்ஸில் 'அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள்' விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண், இன்டர்வியூவும் சேர்த்து மொத்தம் 2025. அந்த 500-க்காக இரண்டு வருடம் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. வெளியுறவுப் பணிக்கு நாடு முழுவதிலிருந்தும் வருடத்துக்குச் சில பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள்.

டெல்லியில் ரூம் எடுத்து ஐந்து முறை எழுதினேன். ஒருமுறை இன்டர்வியூ வரை போனேன். 31 வயதில் ஊர் திரும்பியபோது வேலை அனுபவம் என்று எழுத பயோடேட்டாவில் ஒரு வரி இல்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐ.நா. என்பார்கள். அதன் தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க் வாடகையை நாம்தான் கட்ட வேண்டும்.

தரமணி:
கருப்பு மை சார், நீங்கள் சொன்னது முழுக்க அந்தத் தேர்வின் கதை. படிப்பு எனக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை அலுவலகத்தில், தடைப் பட்டியல் (பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல்) சரிபார்க்கும் பிரிவில் ஏழு வருடமாக இருக்கிறேன். பட்டியலில் உள்ள பெயரோடு ஏதாவது ஒத்துப்போனால் சிஸ்டம் பணத்தை நிறுத்தி அலர்ட் போடும். விடலாமா, மேலே அனுப்பலாமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வெறும் பெயர் ஒற்றுமைதான்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு கோதுமைச் சரக்கின் பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது, வந்தது. கப்பல் பெயருக்காக அலர்ட். பார்த்தால் அது வேறு கப்பல். விட்டுவிடலாம் என்றார் பக்கத்து சீட்காரர். சரக்கு ஏற்றிய துறைமுகம் என்ற கட்டத்தில் 'கெர்ச்' என்று மட்டும் இருந்தது, நாட்டின் பெயர் இல்லை. கெர்ச் இருப்பது கிரிமியாவில். 2014-ல் ரஷ்யா அதை உக்ரைனிடமிருந்து பிடுங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டதும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அங்கிருந்து வரும் சரக்குக்குத் தடை போட்டன. கருங்கடல் வரைபடத்தை எம்.ஏ. வகுப்பில் கையால் வரைந்திருக்கிறேன். அதனால் கண்ணில் பட்டது. மேலே அனுப்பினேன்.

பி.எட். பற்றியும் ஒன்று: 'நிச்சயம்' என்பது அங்கேயும் இல்லை. அரசுப் பள்ளி என்றால் டெட், டி.ஆர்.பி. என்று ஆசிரியர் தேர்வுகள் எல்லாம் எழுதியாக வேண்டும்.

கருப்பு மை:
உங்கள் டீமில் எத்தனை பேர் இந்த எம்.ஏ.? வேலை விளம்பரத்தில் 'ஏதாவது ஒரு பட்டம்' என்றுதானே போடுகிறார்கள்? பி.காம். முடித்த பையனுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்தால் கெர்ச் எங்கே என்று அவனும் சொல்வான்.

தரமணி:
14 பேரில் இரண்டு பேர். உள்ளே நுழைய ஆங்கிலமும் எக்ஸெலும்தான் உதவின, மறைக்கவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா மேல் தடைக்கு மேல் தடையாக வந்தபோது, எது எந்த நாட்டுச் சட்டம், யாரைக் கட்டுப்படுத்தும் என்று டீமுக்கு வகுப்பெடுத்தது நான். அடுத்த வருடமே டீம் லீட் ஆனேன்.

பாலாறு:
நான் ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனில மொழிபெயர்ப்பாளர். என்கிட்ட கேட்டது ஜே.எல்.பி.டி.ங்கற ஜப்பானிய மொழித் தேர்வோட என்2 சர்டிபிகேட். எம்.ஏ. மார்க்‌ஷீட்டை யாரும் திருப்பிக்கூடப் பாக்கல. பொண்ணு சேர்ந்தா முதல் செமஸ்டர்லயே ஒரு மொழி ஆரம்பிக்கட்டும். ஆரம்ப நிலையான என்5-லேர்ந்து என்2 வர எனக்கு மூணரை வருஷம் ஆச்சு.

உப்பளம்:
அண்ணா, யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஆவண வேலை பார்க்கிறேன். முகாமில் பிறந்த பிள்ளைக்கு நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், குடியுரிமை இருக்காது. இங்கே பிறந்தாலே இந்தியர் என்ற விதி 1987 ஜூலை 1-லிருந்து இல்லை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பத்திரம் கேட்பார்கள்.

போன மாதம் ஒரு பாட்டி பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். 1990-ல் படகேறும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. அதில் செல்வராணி, முகாம் அட்டையில் செல்வமணி. இந்த ஓர் எழுத்துக்காகப் பேத்தியின் மனு ஆறு மாதமாக நிற்கிறது. அகதிகளுக்கு நாடுகள் தர வேண்டிய பாதுகாப்பைச் சொல்லும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்று வகுப்பில் ஒரு வரியாகப் படித்தேன். அந்த வரி என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

கருப்பு மை:
தங்கச்சி, உங்கள் வேலைக்குத் தலைவணங்குகிறேன். ப்ராஜெக்ட் நிதி நின்றால்?

உப்பளம்:
ஒப்பந்தம் வருடா வருடம்தான். தொடக்கச் சம்பளம் 18,000. அந்தப் பயம் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதியிருக்கிறேன், ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தால் மாதம் 37,000, ஆராய்ச்சிக்குப் போவேன்.

வைகைக்கரை:
வணக்கம், அப்பா ஐடியிலிருந்து மகள் எழுதுகிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கருப்பு மை அண்ணா, நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?

கருப்பு மை:
தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறேன் அம்மா. ஷிப்பிங் பில், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ். சரக்கு வகையைக் குறிக்கும் எட்டு இலக்க ஹெச்.எஸ். கோடில் ஒன்று தப்பினால் கன்டெய்னர் நிற்கும். தொழில் கற்றுக்கொடுத்தவர் பத்தாவது படித்த கஸ்டம்ஸ் கிளார்க், என் பேராசிரியர்கள் இல்லை. அதனால் என் பதில் மாறவில்லை. சேர்ந்தே தீருவேன் என்றால், கல்லூரியில் போன மூன்று வருடம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேள். பட்டியல் தராவிட்டால் பணம் கட்டாதே.

வைகைக்கரை:
சரி அண்ணா. செவ்வாய்க்கிழமை அப்பாவோடு போகிறேன். உப்பளம் அக்கா, அந்தப் பாட்டியின் பேத்தி மனு முடிந்ததா?

உப்பளம்:
இன்னும் இல்லைம்மா. பெயர் வேறுபாட்டுக்கு அஃபிடவிட் தயார். வியாழக்கிழமை சென்னைக்கு எடுத்துப் போகிறேன்.