மைக் ரெம்மர்ஸ்: இரண்டு சூப்பர் பவுல் தோல்விக்கும் இவர் ஒருவர்தான் காரணமா?

ஐம்பதாம்_கெஜம்:
அமெரிக்கக் கால்பந்து லீக்கின் (NFL) இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பேச்சு வந்தாலே மைக் ரெம்மர்ஸை இழுத்துவைத்துத் திட்டுகிறார்கள். 2016 பிப்ரவரி 7 அன்று டென்வர் பிராங்கோஸிடம் கரோலினா பாந்தர்ஸ் தோற்றது. 2021 பிப்ரவரி 7 அன்று டாம்பா பே அணியிடம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் தோற்றது. இரண்டு ஆட்டத்திலும் அஃபென்சிவ் லைன் என்ற முன்வரிசைக் காவலின் ஓரத்தில் டேக்கிளாக நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டியவர் இவர். அதனால் ‘இரண்டு கோப்பையைக் கெடுத்தவர்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

மனுஷன் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர். லீக் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் ஏழு சுற்று முடிந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. டென்வர் சேர்த்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டது. அப்புறம் டாம்பா பே, மினசோட்டா, சான் டியேகோ, செயின்ட் லூயிஸ் என்று பெட்டியும் கையுமாக அலைச்சல். 2014 அக்டோபரில் செயின்ட் லூயிஸின் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து (பயிற்சிக்காக வைத்திருக்கும் கூடுதல் ஆட்கள்) கரோலினா அழைத்து வந்தது. அடுத்த ஆண்டே 16 ஆட்டத்திலும் முதல் வரிசையில் இறங்கினார். அணிக்கு 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. லீக்கிலேயே அதிகமாக 500 புள்ளி. அந்த 500இல் இவருக்குப் பங்கே இல்லையா?

சார்லட்வாசி:
அண்ணே, நான் பாந்தர்ஸ் ரசிகன். அந்த 500 புள்ளியையும் கொண்டாடியவன்தான். ஆனால் அந்த இரவை என்னால் மறக்க முடியாது.

முதல் கால் பகுதி. நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; எங்கள் 15 கெஜக் கோட்டில் மூன்றாவது முயற்சி, இன்னும் அந்த 10 கெஜமும் பாக்கி. ரெம்மர்ஸுக்கு வெளிப்பக்கம் டென்வரின் தடுப்பாட்டக்காரர் வான் மில்லர். பந்து அசைந்ததும் ரெம்மர்ஸ் பின்னால் கால் வைப்பதற்குள் மில்லர் தோளைத் தாண்டிப் போய்விட்டார். எங்கள் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கியே எடுத்தார். அது எங்கள் பக்கத்து எல்லைப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் உருள, டென்வரின் மாலிக் ஜாக்சன் மேலே விழுந்து டச்டவுன் (ஆறு புள்ளி) ஆக்கினார். கடைசிக் கால் பகுதியில் நான்கு நிமிடச் சொச்சம் இருக்கும்போது டென்வர் 16-10 என்று முன்னிலை. அப்போதும் அதே மில்லர், அதே ஓரம், அதே மாதிரி பந்து நழுவியது. முடிவு 24-10. மில்லர்தான் ஆட்டநாயகன். டென்வர் எடுத்த இரண்டு டச்டவுனும் ரெம்மர்ஸ் ஓரத்திலிருந்து வந்தவை. உழைப்பாளி என்பதற்காக இதை மறைக்கச் சொல்கிறீர்களா?

கடைசி_வரிசை:
மறைக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு நியூட்டனை வீழ்த்தியது மில்லர் மட்டும் இல்லை. இடது ஓரத்தில் பாந்தர்ஸின் இன்னொரு டேக்கிள் மைக்கேல் ஓஹரை டென்வரின் டிமார்கஸ் வேர் தாண்டிக்கொண்டே இருந்தார். டென்வர் பயிற்சியாளர் வேட் ஃபிலிப்ஸ் வகுத்த தடுப்பாட்டம் அது. இரண்டு பக்கமும் நெருப்பு. மில்லர் மாதிரி ஒருவர் எதிரே இருந்தால் டேக்கிளுக்குப் பக்கத்தில் டைட் எண்ட் என்ற இன்னொரு ஆளை நிறுத்துவார்கள், அல்லது பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் அவருக்கு ஒரு இடி கொடுத்துவிட்டு ஓடுவார். முதல் பந்துப் பறிப்புக்குப் பிறகாவது அந்த ஓரத்துக்கு ஆட்டம் முழுக்கத் துணை போட்டிருக்க வேண்டாமா? இது பயிற்சியாளர்கள் கணக்கு. ரெம்மர்ஸ் தலையில் எழுதுவது சரியில்லை.

சார்லட்வாசி:
துணை இல்லாமல் நிற்கத் தெரியாவிட்டால் அவர் முதல் வரிசை ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? நான் சொல்வதும் அதுதான்.

ஐம்பதாம்_கெஜம்:
தம்பி, அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தோல்வி நடந்து ஓராண்டு கழித்து, 2017இல் மினசோட்டா வைக்கிங்ஸ் இவருக்கு ஐந்து ஆண்டு, 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அவர்கள் அந்த வீடியோவைப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? நாம் இரண்டு பந்தைப் பார்க்கிறோம். அவர்கள் ஆயிரம் பந்தைப் பார்க்கிறார்கள்.

சார்லட்வாசி:
அதே மினசோட்டா 2019இல் விட்டதையும் சொல்லுங்கள். பிறகு நியூயார்க் ஜெயன்ட்ஸில் ஒரு வருஷம், அதன் பிறகு கன்சாஸ் சிட்டி. அங்கேயும் அதே கதை: 31-9 தோல்வி, சீஃப்ஸ் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை.

கடைசி_வரிசை:
இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும். 2020 சீஃப்ஸ் வரிசை எப்படி இருந்தது? இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு அரையிறுதியில் குதிகால் தசைநாண் அறுந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியில் பாதி சீசனாக இல்லை. டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்ட் டூவர்னே-டார்டிஃப் ஒரு மருத்துவர். கோவிட் நோயாளிகளுக்காக அந்த ஆண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஷ்வார்ட்ஸ் இடத்தில் வலது பக்கம் ஆடிக்கொண்டிருந்த ரெம்மர்ஸை இறுதிப் போட்டிக்கு இடது பக்கம் மாற்றினார்கள். கார்டாக ஆடிய ஆண்ட்ரூ வைலி வலது டேக்கிள் ஆனார்.

பக்கம் மாறுவது இடம் மாறி உட்காருவது போல இல்லை. முன்னால் இருந்த கால் பின்னால் போகும், முதலில் அடிக்கும் கை மாறும். பத்து வருஷம் வலது கையால் எழுதியவரிடம் இடது கையால் தேர்வு எழுதச் சொன்னது போல.

அன்றைக்கு சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் கால் விரல் காயத்தோடு ஓடினார். ஒரு தடவை கீழே விழுந்துகொண்டே, உடம்பு தரைக்கு மட்டமாக இருக்கும்போது, பந்தை எண்ட் ஸோனுக்கு எறிந்தார். அது சக வீரர் டாரல் வில்லியம்ஸின் முகக்கம்பியில் நேராகப் பட்டுத் தெறித்தது. அதைப் பிடித்திருந்தால்? சீஃப்ஸ் வாங்கிய 11 தண்டனைகளால் போனது 120 கெஜம். எல்லாவற்றையும் ஒருவர் மேல் ஏற்றுவது நியாயமா?

ஐம்பதாம்_கெஜம்:
வைலி கதையையும் நானே முடித்துவிடுகிறேன். 2021இல் அந்த டாம்பா பே அணியிடம் ரெம்மர்ஸோடு சேர்ந்து அடிவாங்கியவர். 2023 பிப்ரவரியில் அதே வைலி, அதே வலது டேக்கிள் இடத்தில், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக சூப்பர் பவுலில் நின்றார். எதிரணி அந்த சீசனில் 70 சாக் (பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்தது. மஹோம்ஸ் மேல் ஒரு சாக்கூட விழவில்லை. இரண்டு வருஷத்தில் சுற்றியிருந்த வரிசையே புதிதாகியிருந்தது. அவருக்கும் ஒரே இடத்தில் ஊன்றிப் பழக நாள் கிடைத்தது. ரெம்மர்ஸுக்கு அப்படி ஒரு இரண்டாவது வாய்ப்பு வரவே இல்லை.

சார்லட்வாசி:
சரி, வைலி விஷயம் நான் யோசிக்காத கோணம். 2021ஐ இனி ரெம்மர்ஸ் கணக்கில் எழுத மாட்டேன். கிடைத்தவர்களை வைத்து ஒட்டுப்போட்ட வரிசை அது.

2016 வேறு. அன்றைக்கு அவர் தன் சொந்த இடத்தில் நின்றார், சீசன் முழுக்க அங்கேயே ஆடியிருந்தார், எதிரே இருந்த மில்லரும் புதியவர் இல்லை. இருவரும் 2012இல் டென்வரில் ஒரே அணியில் இருந்தவர்கள்தான். அந்த இரண்டு பந்தையும் நான் இன்னும் விடவில்லை, அண்ணே.