ஏழு மாத ராஜபாளையம் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை: காது கேட்கவில்லையா, திமிரா?

நெல்லைச்சீமை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ராஜபாளையம் ஆண் நாய்க்குட்டி, பெயர் மணி. முழு வெள்ளை, ரோஸ் மூக்கு. நாலு மாதம் வரை தங்கமான பிள்ளை. அடுப்படியிலிருந்து "மணி" என்றால் மொட்டை மாடியிலிருந்து உருண்டு புரண்டு இறங்கி வருவான். இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது அசைவதில்லை. கேட் திறந்தால் தெருமுனையில் போய்த்தான் நிற்கிறான். விளக்குமாற்றைக் குச்சி குச்சியாக உருவிப் போடுகிறான். பால்காரரைப் பார்த்து உறுமல் வேறு. வெள்ளை ராஜபாளையத்துக்குக் காது செவிடாகும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டுப் போனார். அப்பாவோ, "கட்டிப்போட்டு நாலு சாத்து சாத்து, எல்லாம் கேட்கும்" என்கிறார். என்ன செய்யலாம்?

கோவில்பட்டிக்காரன்:
அடி மட்டும் வேண்டாம் சகோ. அடி வாங்கிய நாய் அடுத்த முறை இன்னும் தூரமாகப் போய் நிற்கும், அவ்வளவுதான். இது வேட்டை நாய், பூனை கண்ணில் பட்டால் உங்கள் குரல் அதற்கு இரண்டாம்பட்சம். தெருவில் பெல்ட் இல்லாமல் விடவே விடாதீர்கள். 2005-இல் இந்தியத் தபால்துறை தபால்தலை வெளியிட்ட நாலு நாய் இனங்களில் உங்கள் ஆளும் ஒருவர், கொஞ்சம் கெத்து இருக்கத்தான் செய்யும். எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு அந்த யோகம் இல்லை!

கால்நடை மாணவி:
அண்ணா, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெள்ளை நாய்களுக்கு வரும் பிறவிச் செவிடு, உள்காதில் நிறமி செல்கள் இல்லாததால் வருவது. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். நாலு மாதத்தில் அடுப்படிக் குரல் மாடிக்குக் கேட்டது என்றால் இரண்டு காதும் பிறவியிலேயே செவிடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்குச் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது, எதிர்ப்பக்கம் திரும்பித் தேடும். அவன் அசந்து தூங்கும்போது, கண்ணில் படாமல் பின்னால் நின்று பிஸ்கட் கவரைக் கசக்கிப் பாருங்கள். ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம். காலைத் தட்டாதீர்கள், தரை அதிர்ந்தாலே எழுந்துவிடுவான். காதில் நாற்றம் அடித்தாலோ, தலையை அடிக்கடி உதறினாலோ, உண்ணியா சீழா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் விடலைப் பருவம். இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. எட்டு மாதத்தில் அந்தக் குட்டிகள், வளர்ப்பவர் "உட்கார்" என்றால் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை. அதையே புது ஆள் சொன்னால் உட்கார்ந்தன!

நெல்லைச்சீமை:
மேடம், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கவரைக் கசக்கியதும் இரண்டு பக்கமும் டக்கென்று சரியாகத் திரும்பினான். காதும் சுத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி "உக்காருல" என்றால் மகாராஜா உட்காருகிறார்!

கால்நடை மாணவி:
அப்போ காது பத்திரம். இனி அவன் மனதில் என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அவனை எதற்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள்? குளிப்பாட்ட, சங்கிலி போட, விளையாட்டை நிறுத்த. "மணி" என்றால் சந்தோஷம் முடிந்தது என்று அர்த்தமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். பத்து மீட்டர் நூல் கயிறு வாங்கி, கழுத்தில் இல்லாமல் மார்போடு சேர்த்துப் போடும் பெல்ட்டில் கட்டுங்கள். திறந்த இடத்தில் விட்டு ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். வந்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, எலும்பு இல்லாமல். முக்கியமாக, உடனே மறுபடி ஓட விட்டுவிடுங்கள். வராவிட்டால் கத்த வேண்டாம், கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டு நீங்களே பக்கத்தில் போங்கள். குளிக்க வேண்டுமென்றால் கூப்பிடாமல் போய்க் கூட்டி வாருங்கள்.

பால்காரர் விஷயத்தில் உறுமலை அதட்டி அடக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை நிறுத்தினால் நேரே கடிதான். அவர் தூரத்தில் தெரியும்போதே கோழித் துண்டு போட ஆரம்பித்து, நாளாக நாளாகக் கிட்டே கொண்டு வாருங்கள். ரேபிஸ் ஊசிக்கு ஒரு வருட பூஸ்டர் தேதியையும் குறித்து வையுங்கள்.

விளக்குமாறு பல் முளைக்கும் கோளாறு இல்லை. 28 பால் பல்லும் விழுந்து 42 நிரந்தரப் பல்லும் இந்த வயதில் அநேகமாக வந்திருக்கும். ஓட்டம் போதாததுதான் காரணம்.

கோவில்பட்டிக்காரன்:
வெயிலுக்கு முன்னால், விடிகாலையிலேயே கூட்டிப் போங்கள். பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது.

நெல்லைச்சீமை:
கயிறு வாங்கியாச்சு. கடைசியாக ஒன்று: கருத்தடை செய்தால் அடங்கிவிடுவான் என்கிறார்களே, இப்போதே செய்யலாமா? கால்சியம் டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கால்நடை மாணவி:
கூப்பிட்டால் வருவது பழக்கம், அது ஆபரேஷனில் வராது. பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொறுப்பது நல்லது, அதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எப்போது என்று உங்கள் டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். குட்டிகளுக்கான தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் கால்சியம் தனியாகத் தேவையில்லை, அதிகமானால் வளரும் எலும்புதான் கெடும். வெறும் தயிர்சாதம் என்றால் முதலில் சாப்பாட்டை மாற்றுங்கள்.